மஞ்சள் விளக்கு

குளியலறை வடிகாலில் முடி.
முதலில் ஷாம்பூவைத்தான் சந்தேகப்பட்டேன்.
மூன்று முறை மாற்றினேன்.
கடைசிப் புட்டி முப்பத்தொன்பது வெள்ளி,
கொரியாவில் செய்தது, மேலே இஞ்சிப் படம்.
அதற்கும் நின்றபாடில்லை.

பிறகொரு நாள் அவள் பள்ளிக்குப் போனபின்
மேசையைத் துடைக்கப் போய்
கூடுதல் கணிதப் புத்தகத்தைத் தூக்கினேன்.
நடு மடிப்பில் முடி.
கொத்தாக இல்லை, ஒவ்வொன்றாக.
முந்தின பக்கங்களில் ஒன்றுமில்லை.
பதினொன்றாம் கேள்விக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்
ஒன்பது.
தானாக உதிரும் முடிக்கு
கேள்வி எண் எப்படித் தெரியும்?

பாயான் லெபாஸ் தொழிற்சாலையில்
பன்னிரண்டு வருஷமாய் இரவு வேலை எனக்கு.
ஒவ்வோர் எந்திரத்தின் தலையிலும்
மூன்று விளக்கு.
பச்சை என்றால் ஓடுகிறது.
சிவப்பு என்றால் நின்றுவிட்டது.
மஞ்சள்தான் சிக்கல்:
ஓடிக்கொண்டுதான் இருக்கும்,
எண்ணிக்கைகூடக் குறையாது,
ஆனால்.
அந்த ஆனாலுக்காக அஸார் எழுந்து வருவான்,
குந்தி உட்கார்ந்து
மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துச்
சூடு பார்ப்பான்.
எந்திரத்தைப் பார்த்து
‘பக்கத்து எந்திரம் ஓடலையா?’ என்று
அவன் கேட்டு நான் கேட்டதில்லை.

நான் கேட்டிருக்கிறேன்.
‘மேல்மாடி யுவர்ஷாவைப் பாரு’ என்று
சோற்றுத் தட்டுக்கு முன்னால்.

லோஷினி ஐந்து மணிக்கு எழுந்தாள்,
பசியாறாமல் பேருந்து ஏறினாள்,
செவ்வாய், வியாழன், சனி டியூஷன் போனாள்.
ஞாயிறு இரவுகளில் மட்டும் வயிற்றுவலி.
தைலம் தேய்த்துவிட்டு வேலைக்கு ஓடினேன்.
எதைக் கேட்டாலும் ‘ஓகேம்மா’.
அதைப் பச்சை என்று
எழுதிக்கொண்டது நான்தான்.

அன்று மாலை அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
வகிட்டுக்குப் பக்கத்தில்
இருபது காசு அகலத்துக்கு
வெறும் தோல்,
குழந்தையின் தோல்போல் மினுங்கியது.
‘எங்க காலத்துல’ என்று தொடங்கும் வாக்கியம்
தொண்டை வரை வந்தது.
விழுங்கினேன். கசந்தது.

‘கை தானா போகுதும்மா.
ஒண்ணு பிடுங்கினா
கொஞ்ச நேரம் சத்தம் நிக்கும்.’
‘என்ன சத்தம்?’
‘எல்லாரும் பேசுற சத்தம்.’
‘அதுல நானும் இருக்கேனா?’

எங்கள் அடுக்குமாடிக்கு மேல்
விமானம் ஒன்று சக்கரத்தை இறக்கியபடி
தாழப் போனது.
அது இறங்கி முடிக்கும்வரை
அவள் பதில் சொல்லவில்லை.
அதுதான் பதில்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்தேன்.
பள்ளி ஆலோசனை ஆசிரியை
அவளிடம் தனியாகப் பேசினார், என்னிடம் தனியாக.
மருத்துவமனையில் தேதி கிடைத்தது,
மூன்று வாரம் கழித்து.
சனி டியூஷனை நிறுத்தினோம்.
‘தேர்வு நேரத்திலயா?’ என்றார் அவள் அப்பா.
‘தேர்வு நேரத்திலதான்’ என்றேன்.
குரல் நடுங்கத்தான் செய்தது.

சந்தையில் ஒரு கிலோ ரம்புத்தான் வாங்கினேன்,
மலிவு என்பதற்காக மட்டும்.
வாசற்கதவருகே தரையில் உட்கார்ந்து
ஒன்றைக் கையில் உருட்டியவள்
உரிக்கவில்லை.
அதன் சிவந்த முடியை
ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.
‘ரம்புத்னா மலாயில முடிதானே’ என்றாள் திடீரென்று.
‘இதுக்கு வலிக்காது, இல்ல?’
எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.
அவள் சிரித்தாள்.
பல் தெரிய,
ஆனி மாதத்துக்குப் பிறகு முதல்முறை.

இன்னும் ஒன்றும் சரியாகிவிடவில்லை.
நேற்றும் வடிகாலில் முடி கிடந்தது.
எடுத்துக் குப்பையில் போட்டேன்,
எண்ணவில்லை.

தொழிற்சாலைப் பேருந்து கீழே ஹாரன் அடிக்கிறது.
செருப்பை மாட்டிக்கொண்டே கேட்கிறேன்:
‘இன்னிக்கு என்ன கலர்?’
புத்தகத்திலிருந்து தலையைத் தூக்குகிறாள்.
‘மஞ்சள்தான்.’
கொஞ்சம் யோசித்து,
‘நீ போ. நாளைக்கு வந்து பேசலாம்’ என்கிறாள்.

மடியில் ஒரு மொட்டை ரம்புத்தான்.